ஒரு வருஷம் கழித்து வந்தால் போதும்

மார்ச் 3

என் ஓரகத்தி மகாராணிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் வீட்டுக்காரர் வேளைக்கும் சாப்பிடுகிறார், வேளை கெட்டும் சாப்பிடுகிறார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து மாடிக் குழாயைப் பழுது பார்க்கிறேன் என்று ஆரம்பித்து, இப்போது சமையலறைக் குழாயும் ஒழுகுகிறது. நீ வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து இவர்களைத் திட்ட எனக்கு ஒரு கூட்டாளி இல்லாமல் போய்விட்டது.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நீ கண்ணை உருட்டுவது தெரிகிறது. முன்னறையில் என் பியூட்டி பார்லர், பின்னறையில் உன் மாமா, நடுவில் ஒரு திரைச்சீலை. நீயோ விடுதியில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்ட அறையில் கிடக்கிறாய். இந்த விஷயத்தை வாய்விட்டுப் பேச இரண்டு பக்கமும் இடமில்லை.

உன் பேருக்கு ஒரு கவர் வந்தது, பிரித்துவிட்டேன். உன் பேர் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது என் உடம்புச் சமாச்சாரம்தானே. உங்கள் தையல் கம்பெனி வாசலுக்கு வந்ததே பரிசோதனை வண்டி, அதிலிருந்து வந்திருக்கிறது. அன்றைக்குத் துணைக்கு வந்தவள் நான். உன் பேரைக் கூப்பிட்டதும் நீ முகம் வெளுத்து, "முடியாதுக்கா, செத்தாலும் முடியாது" என்று உட்கார்ந்துவிட்டாய். அந்தப் பரிசோதனையை முடிக்காதவளைப் புதுக் கிளைக்கு அனுப்ப மாட்டார்கள் என்றும் அழுதாய். சரி போ என்று உன் அட்டையை வாங்கிக்கொண்டு நான் ஏறிவிட்டேன். வண்டியில் இருந்த அந்தம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அட்டையில் இருபத்து நாலு வயது, படுத்திருப்பது நாற்பதைத் தாண்டியவள். பார்லர்காரி என்றால் சும்மாவா!

கடிதத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். கர்ப்பப்பை வாயில் எடுத்த செல்களில் லேசான மாறுதல் தெரிகிறதாம். இப்போதைக்குச் சிகிச்சை எதுவும் வேண்டாமாம். ஒரு வருஷம் கழித்து மறுபடி வந்தால் போதுமாம்.

படித்ததும் கஸ்டமரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் "ஒரு வருஷம்" என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவசரம் என்றால் அப்படி எழுதுவார்களா? நீயும் கவலைப்படாதே. உன் மாமாவிடம் மூச்சு விடவில்லை.

இப்படிக்கு,
உனக்காக இருபத்து நாலு வயதான
அக்கா

•

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். வெளியே கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். எனக்காக நீங்கள் போனதை நினைத்து முதலில் அழுகைதான் வந்தது.

முதலில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செக்கிங் மேசையில் எனக்கு ஒரு கட்டு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் கொடுத்திருக்கிறார்கள். சட்டையில் ஒரு தையல் சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டால் சட்டை வீண் என்று அர்த்தம் இல்லை. இன்னொருவர் நன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். பாதிக்கு மேல் ஒன்றும் இல்லாமல் போகும். உங்களுக்கு வந்திருப்பதும் அப்படி ஒரு அம்புக்குறிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. இங்கே கம்பெனியில் ஒரு நர்ஸம்மா இருக்கிறார். தலைவலி மாத்திரை வாங்கும் சாக்கில் போய், என் தோழி ஒருத்திக்கு இப்படி வந்திருக்கிறது என்று அவிழ்த்துவிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "உன் தோழிக்கு வயசு என்ன?"

அக்கா, உங்கள் வயதைத்தான் சொன்னேன். நாற்பதுக்கு மேல் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கு லேசான மாறுதல் பெரும்பாலும் தானா சரியாயிடும். அவங்களைத்தான் ஒரு வருஷம் கழிச்சு வரச் சொல்லுவாங்க. நாப்பது வயசுக்காரிக்கு, அதுவும் முன்னால எடுத்ததே இல்லைன்னா, உடனே கருவி வச்சுப் பார்க்கணும். யார் அப்படி எழுதிக் கொடுத்தது?" என்றார்.

எழுதிக் கொடுத்தவர்கள் மேல் தப்பில்லை. அட்டையில் இருந்த வயதைப் பார்த்து எழுதினார்கள். அந்த ஒரு வருஷம் எனக்குச் சொன்னது, உங்களுக்குச் சொன்னது இல்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை இது.

நாளைக்கே போங்கள். தயவுசெய்து போங்கள். போய்விட்டு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்
சின்னவள்

•

மார்ச் 18

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் ஒருத்திக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தேன். கவனம் உன் கடிதத்தில் இருந்ததில், ஒரு பக்கம் கொஞ்சம் மெலிந்துவிட்டது. அவள் அதையே புது ஸ்டைல் என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நர்ஸம்மா பெரிய டாக்டரா? டாக்டர் கையெழுத்துப் போட்டு ஒரு வருஷம் என்று எழுதியிருக்கிறார். நீ தலைவலி மாத்திரைக்குப் போன இடத்தில் கேட்டதை வைத்துக்கொண்டு என்னை விரட்டுகிறாய். எனக்கு வலி இல்லை, வேறு தொந்தரவு இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே வேலை செய்கிறேன்.

இன்னொன்றும் யோசி. நான் யார் பேரில் போவது? என் பேரில் போனால், "உங்க பேர்ல பரிசோதனையே நடக்கலையேம்மா" என்பார்கள். உன் பேரில் போனால் ஆள்மாறாட்டம் வெளியே வரும். செக்கர் ஆகி எத்தனை நாள் ஆகிறது உனக்கு? மெஷினில் குனிந்து குனிந்து கழுத்து வலியோடு அழுதுகொண்டு வருவாயே, அதற்கே திரும்பிப் போக வேண்டுமா? உன் வேலைக்கு உலை வைத்துவிட்டு எனக்கு ஒரு பரிசோதனை வேண்டாம்.

பார்லர் நாற்காலியைப் பற்றி உனக்குத்தான் தெரியுமே. அதில் சாய்ந்தவள் எல்லாம் டாக்டர். முடி வெட்டிக்கொள்ள வந்த டைப்பிஸ்ட்டிடம் யாருக்கோ என்று சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன். அவளுடைய சித்திக்கு இப்படித்தான் ஆரம்பித்ததாம். அதற்குமேல் அவள் சொன்னதை எழுத மாட்டேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். போகிற போக்கில், "அது வைரஸாலதான் வருதாம்க்கா, புருஷன்கிட்ட இருந்து" என்று வேறு கொளுத்திப் போட்டுவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரி உன் மாமாவை ஏற இறங்கப் பார்த்தேன். மனுஷர் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறார். வயரும் பல்பும் தவிர உலகத்தில் எதுவும் தெரியாதவர். சந்தேகப்படவும் மனசு வரவில்லை, சந்தேகப்படாமல் இருக்கவும் முடியவில்லை. இந்தக் கண்றாவியெல்லாம் எனக்குத் தேவையா?

வெயில் தணியட்டும், பார்க்கலாம்.

அக்கா

•

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் போட்டேன், உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன் செய்தால், "கஸ்டமர் இருக்காங்க, வச்சிடு" என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் கஸ்டமர் இருக்கிறார்களா?

வைரஸைப் பற்றி நர்ஸம்மாவிடம் கேட்டேன். அது ரொம்பச் சாதாரணமாம். பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது வந்து தானாகவே போய்விடுமாம். சிலருக்கு மட்டும் போகாமல் பல வருஷம் சும்மா இருந்துவிட்டுத் தலை காட்டுமாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாதாம். மாமாவை நிம்மதியாகக் குறட்டை விட விடுங்கள்.

உங்களை மாதிரிப் பேசத் தெரிந்தவர் நம் வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் நீங்கள் பூசி மெழுகுவது எனக்குத் தெரிகிறது. என் வேலை போய்விடும் என்பது ஒரு சாக்கு. வலி இல்லை என்பது இன்னொரு சாக்கு. வலி வருகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது என்பதற்குத்தானே அந்தப் பரிசோதனையே. உங்களுக்குப் பயமாக இருக்கிறது. என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி நீங்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

மேசையில் உட்கார்ந்தால் சட்டை கண்ணில் படவில்லை. நேற்று பட்டனே இல்லாத சட்டையை விட்டுவிட்டேன். பெட்டி கட்டுகிறவர் கொண்டுவந்து முகத்துக்கு நேரே ஆட்டிவிட்டுப் போனார்.

இந்த வாரத்துக்குள் போய்விட்டேன் என்று எழுதுங்கள். இல்லையென்றால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

உங்கள்
சின்னவள்

•

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

நர்ஸம்மாவிடம் போய், தோழி எல்லாம் யாரும் இல்லை, அது என் ஓரகத்தி, என் அட்டையில் போனவர் அவர்தான், நான் பரிசோதனையே செய்துகொள்ளவில்லை என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "உன்னைத் திட்டறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. அவங்க போன் நம்பரைக் கொடு" என்றார். அந்தப் பரிசோதனை மையத்துக்கு என் எதிரிலேயே பேசினார். உங்கள் பேரையும் வயதையும் மாற்றி எழுதிக்கொண்டார்கள். அவர்களே உங்களைக் கூப்பிடுவார்கள். கஸ்டமர் இருக்கிறார் என்று வைத்துவிடாதீர்கள்.

எனக்கும் அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். "தப்பிச்சது போதும், படு" என்றார் நர்ஸம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன். முன்பு எனக்குக் கரு கலைந்தபோது ஒரு டாக்டரம்மா அதட்டி அதட்டிப் பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதிலிருந்துதான் படுக்க வைத்துப் பார்க்கும் அந்த மேசையைக் கண்டாலே எனக்கு உடம்பு உதறும். இவர் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்தார். அழுதேன், ஆனாலும் முடிந்துவிட்டது. இதை நான் முதலிலேயே செய்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் செய்திருந்தால் உங்களுக்கு இருப்பது யாருக்கும் தெரிந்தே இருக்காது. எதை நினைத்து வருத்தப்படுவது என்றே புரியவில்லை.

கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் போங்கள்.

உங்கள்
சின்னவள்

•

ஏப்ரல் 20

சின்னவளுக்கு,

பார்லரில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும்போது அந்த மையத்திலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் இருந்தது. மையத்தின் பேரையும் என் பேரையும் சொல்லி, என்ன பரிசோதனை என்பதையும் அந்தப் பெண் கணீரென்று சொன்னாள். மூன்று பேரும் பத்திரிகையைப் புரட்டாமல் கேட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் உன் மாமா. போதுமா?

என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? என் உடம்பைப் பற்றி ஊரைக் கூட்டுவதற்கு நீ யார்? நீ என் கூடப் பிறந்தவளா? இந்த வீட்டுக்கு வாழ வந்தவள், நான் வந்த மாதிரியே. அதோடு நிறுத்திக்கொள்.

தேதி கொடுத்திருக்கிறார்கள். போகத்தான் வேண்டும், இனி வேறு வழியில்லை.

•

மே 6

அன்புள்ள சின்னவளுக்கு,

போய்விட்டு வந்துவிட்டேன். நீ கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பூதக்கண்ணாடி மாதிரி ஒரு கருவி. அது வெளியேதான் நிற்கிறது, உள்ளே வருவதில்லை. ஏதோ ஒரு திரவம் தடவினார்கள், வினிகர் வாடை. மாறுதல் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியுமாம். டாக்டர் ஒரு வயதானவர், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பார்த்தார். நடுவில் பாட்டு நின்றுவிட்டது. எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு, "ஒரு தடவை இருமுங்கம்மா" என்றார். இருமினேன், அந்தச் சமயத்தில் சின்னதாக ஒரு சதையைக் கிள்ளி எடுத்துவிட்டார். இரண்டு இடத்தில். வலித்தது, தாங்க முடியாத வலி இல்லை. வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

முடிவு வர நாளாகுமாம். இந்தக் காத்திருப்புதான் என்னைத் தின்கிறது. போன் அடித்தால் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று இருக்கிறது. நேற்று ஒருத்திக்கு இரண்டு தடவை ஷாம்பு போட்டுவிட்டேன். அவள் கண்ணை மூடி அப்படியே தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். போனைக் கேட்ட மூன்று பேரில் அவளும் ஒருத்தி.

உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன். அன்று திரைக்குப் பின்னால் எல்லாம் கேட்டுவிட்டு, நானே சொல்லட்டும் என்று மனுஷர் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். சொன்னதும், "சமையலறைக் குழாயை இன்னிக்கே சரி பண்ணிடறேன்" என்றார். அவருக்கு அழத் தெரியாது, அவ்வளவுதான்.

உன் பரிசோதனை என்ன ஆயிற்று? அதையாவது எழுது.

அக்கா

•

மே 19

அன்புள்ள சின்னவளுக்கு,

இதற்கும் பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

முடிவு வந்துவிட்டது. முதலில் பார்த்த மாதிரி லேசானது இல்லையாம். அடுத்த படிக்குப் போயிருக்கிறது. புற்று இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார், நான் மூன்றாவது தடவையும் கேட்டேன். புற்று இல்லை. ஆனால் விட்டுவைக்கக் கூடாத நிலை. மரத்துப்போக ஊசி போட்டு, கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடுவார்களாம். கர்ப்பப்பையைத் தொட மாட்டார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். எடுத்ததை மறுபடி சோதிப்பார்கள். ஆறு மாதத்தில் திரும்ப வர வேண்டும். அதன்பிறகும் பல வருஷம் விடாமல் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஒரு வருஷம் அப்படியே விட்டிருந்தா என்ன ஆயிருக்கும் டாக்டர்?" என்று கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா. வந்துட்டீங்கல்ல, விடுங்க" என்றார். வந்தது நானா? என் தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்தது நீ.

உன் வீட்டுக்காரர் நேற்றுத்தான் வாய் திறந்தார். உன்னைச் செக்கிங்கிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி மெஷினில் உட்கார வைத்திருக்கிறார்களாமே. ஏப்ரல் கடைசியிலேயே ஆகிவிட்டதாமே. நான் உன்னை அப்படித் திட்டி எழுதிய கடிதமும் அதே வாரம்தான் உன் கைக்கு வந்திருக்கும். நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதியிருந்தால் என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்திருக்கும், அது எனக்கு வேண்டியதுதான்.

எழுதக் கூடாததை எழுதிவிட்டேன். பயத்தில் எழுதினேன் என்று சொன்னால் அதுவும் ஒரு சாக்குதான். நீதான் என் சாக்குகளை எல்லாம் கண்டுபிடித்துவிடுவாயே. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, கைதான் எழுதுகிறது. மன்னித்துவிடு.

மே முப்பதாம் தேதி காலையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். கூட ஒருவர் வேண்டுமாம். உன் மாமா வருவார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து சுவரில் உள்ள ஸ்விட்சை எல்லாம் எண்ணிக்கொண்டிருப்பார். எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். மரத்துப்போக ஊசி போட்டாலும் நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேனாம். அந்த நேரத்தில் எனக்கு நீ வேண்டும்.

வா என்று கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

அக்கா

•

மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் போதுமாம். இந்தத் தடவை இது எனக்கே சொன்னது.

மெஷினில்தான் இருக்கிறேன். காலர் தைக்கிறேன். கழுத்து வலிக்கிறது, அதை நீங்கள் நினைத்து உருக வேண்டாம். வேலையை விட்டு நிறுத்தாமல் இருந்ததே நர்ஸம்மா போய்ப் பேசியதால்தான்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் மெஷின் இல்லை. உங்கள் கடிதம்தான். அதைக் கிழித்துப் போட்டேன். கிழித்தும் மறக்கவில்லை. கூடப் பிறந்தவளா என்று கேட்டீர்கள். கூடப் பிறந்திருந்தால் சின்ன வயதிலிருந்தே உங்கள் அதட்டலுக்குப் பழகி, நீங்கள் சும்மா இரு என்றதும் சும்மா இருந்திருப்பேன். நல்லவேளை, பிறக்கவில்லை.

லீவு வாங்கிவிட்டேன். இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் வீட்டில் இருப்பேன். உள்ளே ஒருவரை விடுவார்கள் என்று நர்ஸம்மா விசாரித்துச் சொன்னார். அந்த மேசையைக் கண்டால் எனக்கு இப்போதும் உடம்பு உதறும். உதறினால் உதறட்டும், உங்கள் தலைமாட்டில் நின்றுகொண்டு உதறுகிறேன். மாமா வெளியே உட்கார்ந்து ஸ்விட்சை எண்ணட்டும்.

ஒன்று மட்டும். அங்கே வைத்து மன்னிப்பு அது இது என்று ஆரம்பிக்காதீர்கள். நான் அழுதுவிட்டால் உங்களுக்குத் தைரியம் சொல்ல ஆள் இருக்காது. என் கோபம் துளிகூடக் குறையவில்லை, அதையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். எல்லாம் முடிந்து, நீங்கள் வீட்டில் காலை நீட்டிப் படுத்த பிறகு, முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு உங்களோடு ஒரு பாட்டம் சண்டை போட வேண்டும். நிறைய இருக்கிறது, ஒரே நாளில் தீராது. அதற்காகவாவது நன்றாக இருந்து தொலையுங்கள்.

உங்கள்
சின்னவள்